பதினாறு புத்தகத்துக்கு ஒரு விலை

ஜூட் பலா மரத்திலிருந்து விழுந்தது மழை தொடங்கிய மூன்றாம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்தவன் சட்டையைக்கூட மாற்றாமல், பகல் கறிக்கு ஒரு காய் பறிக்கலாமென்று ஏறினான். கிளையில் பாசி பிடித்திருந்தது. காய் முதலில் விழுந்தது, பிறகு அவன். இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் வலது மணிக்கட்டுக்கு மாவுக்கட்டுப் போட்டு, ஆறு கிழமைக்கு அந்தக் கையால் எதையும் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

நிவித்திகலைக்கு மேலே உள்ள அந்தத் தோட்டம் முழுக்க ரப்பர். ஜூட் பால் வெட்டுகிறவன். விடியுமுன் கத்தியோடு மலைக்குப் போய், முந்நூறு மரத்தில் பட்டையைச் சீவி, பத்து மணிக்கு மேல் சிரட்டைகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிக்கொண்டு வந்து நிறுப்பான். வலது கை இல்லாமல் அந்த வேலை இல்லை. அவன் தாய் அந்தோனியம்மா ரப்பர் ஸ்டோரில் உறைந்த பாலை ஷீட்டாக உருட்டினாள். மழை நாட்களில் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் ஸ்டோரிலும் வேலை குறைவு. ஆகவே அந்த மழைக்காலத்தில் வீட்டுப் பாரம் முழுக்க ஜொய்சியின் மேசைக்கு வந்து சேர்ந்தது.

ஜொய்சி ஜூட்டின் மனைவி. கல்யாணத்துக்கு முன் ஏழு வருடம் இரத்தினபுரியில் ஓர் அச்சகத்தில் பக்கம் கட்டும் வேலை செய்தவள். எழுதி வரும் கதையையோ பாடத்தையோ கொம்பியூட்டரில் அடித்து, புத்தகப் பக்கமாக ஒழுங்குபடுத்திக் கொடுப்பாள். தமிழும் சிங்களமும் ஒரே வேகத்தில் வரும். கல்யாணமான பிறகு பஸ்ஸில் போய்வரக் கட்டுப்படியாகாமல், பழைய கொம்பியூட்டர் ஒன்றை வாங்கி லயத்து வரிசை வீட்டின் முன் காம்பராவில் வைத்துக்கொண்டாள். பக்கத்துக்குத் தொண்ணூறு ரூபாய். கூரை ஒழுகுவதால் கொம்பியூட்டருக்கு மேலே பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று கட்டியிருந்தது.

ஜூட் விழுந்த நாலாம் நாள் கொழும்பிலிருந்து ஃபோன் வந்தது. ஒரு பதிப்பகம். பேசியவன் பெயர் விதுர்ஷன், இளவயதுக்காரன். ஜொய்சி செய்த ஒரு கிறிஸ்தவப் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு நம்பரை எடுத்திருந்தான்.

"அக்கா, பள்ளிக்கூட நூலகங்களுக்கு ஒரு வரிசை போடுறோம். பதினாறு கதைப் புத்தகம். இடது பக்கம் சிங்களம், வலது பக்கம் அதே கதை தமிழ்ல. புத்தகத்துக்கு நாப்பத்தெட்டு பக்கம்."

ஜொய்சி மனசுக்குள் பதினாறை நாற்பத்தெட்டால் பெருக்கத் தொடங்கிவிட்டாள்.

"பக்கத்துக்குத் தொண்ணூறு வாங்குறேன் தம்பி."

"இல்லக்கா. பக்கம் நீங்க செய்ய வேணாம். டெம்ப்ளேட் மட்டும் செஞ்சு தாங்க. எங்க ஒஃபிஸ்ல ஒரு ஆள் இருக்கார், அவர் எழுத்த ஊத்திக்குவார். டெம்ப்ளேட்டுக்கு ஒரு விலை சொல்லுங்க."

இப்படி ஒரு விலையை அவளிடம் யாரும் கேட்டதில்லை. எத்தனை வகைப் பக்கம் வரும் என்று யோசித்தாள். முகப்பு, உள்ளடக்கம், கதைப் பக்கம், படப் பக்கம், பயிற்சிப் பக்கம். இருபது வகை இருக்கலாம். தொண்ணூறால் பெருக்கினால் இரண்டாயிரம்கூட இல்லை. அது ஞாயமில்லை என்று தெரிந்தது. எவ்வளவு ஞாயம் என்று தெரியவில்லை. ஜூட்டின் மாவுக்கட்டுக் கையைப் பார்த்துக்கொண்டே, கண்ணை மூடிக் கிணற்றில் குதிக்கிற மாதிரிச் சொன்னாள்.

"பதினஞ்சாயிரம்."

"சரிக்கா," என்றான் விதுர்ஷன் உடனே.

ஃபோனை வைத்த பிறகும் அந்த "சரிக்கா" அவள் காதில் நின்றது. அவன் ஒரு மூச்சுக்கூட யோசிக்கவில்லை.

அந்தோனியம்மாவுக்கு மகிழ்ச்சி. "ஒரு பக்கமும் அடிக்காம பதினஞ்சாயிரமா? நல்ல வேலதான் புள்ள," என்றபடி ரொட்டிக்கு மா பிசைந்தாள்.

வேலை அப்படி இருக்கவில்லை. சிங்கள எழுத்துக்கு மேலேயும் கீழேயும் குறிகள் வரும். தமிழுக்குப் போதுமான இடைவெளி வைத்தால் சிங்கள வரிகள் ஒன்றையொன்று இடித்தன. சிங்களத்துக்கு ஏற்ப விட்டால் தமிழ் வரிகள் பல்லுப் போன வாய் மாதிரி அகன்று நின்றன. அதைச் சரிக்கட்டினால், தமிழ்ச் சொற்கள் நீளமானதால் கதை வலது பக்கத்தில் வழிந்து அடுத்த பக்கத்துக்குப் போனது. இடது பக்கம் நரி கிணற்றுக்குள் இருக்கும்; வலது பக்கத்தில் அது இன்னும் காட்டில் நடந்துகொண்டிருக்கும். பிள்ளை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டுமென்றுதானே புத்தகமே போடுகிறார்கள்?

காலையில் அந்தோனியம்மா ஸ்டோருக்குப் போனதும் ஜொய்சி மேசைக்கு வருவாள். மழை தகரத்தில் இறங்கும். கரண்ட் போகும், வரும். ஜூட் இடது கையால் தேங்காய் துருவப் பழகியிருந்தான். துருவலகைக் காலால் அமத்திக்கொண்டு, பாதித் தேங்காயைத் தரையில் சிந்திவிட்டுச் சம்பல் அரைப்பான். ரொட்டியும் சம்பலும் பால் விடாத பிளேன்டீயும் மேசைக்கே வரும்.

"இன்னைக்கு எத்தன பக்கம் முடிஞ்சிச்சு?" என்று ஒருநாள் கேட்டான்.

"ஒண்ணும் முடியல."

"நேத்து?"

"நேத்தும் இல்லங்க. இதுல பக்கம்னு ஒண்ணு வராது."

"அப்ப என்னதான் செய்ற நாள் பூரா?"

அவள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு விளக்கினாள். ஓரம் எவ்வளவு, எழுத்து எவ்வளவு பெரிசு, தலைப்பு எங்கே நிற்கும், படம் வந்தால் எழுத்து எங்கே விலகும், எல்லாவற்றையும் ஒரே தடவையில் தீர்மானித்துக் கட்டி வைப்பது. பிறகு யார் வந்து கதையைப் போட்டாலும் பக்கம் தன்பாட்டில் அமைந்துகொள்ளும்.

ஜூட் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தான். "புதுசா நட்ட கிளியரிங்ல நாங்க பட்டையில கோடு போட்ட மாதிரி."

"அது என்ன கோடு?"

"எளம் மரத்துக்கு மொதத் தடவ கத்தி வைக்க முந்தி, தகரத்த சுத்திப் புடிச்சு சரிவா ஒரு கோடு கீறணும். அந்தச் சரிவு பிசகினா பால் சிரட்டைக்கு வராது, மரமும் கெட்டுப்போகும். அந்தக் கோட்டப் புடிச்சுத்தான் வருஷக்கணக்கா வெட்டுவாங்க. நானும் பழனியாண்டி அண்ணனும் அறுநூறு மரத்துக்குப் போட்டோம்."

"எவ்வளவு குடுத்தாங்க?"

"ரெண்டு நாள் பேரு போட்டாங்க, ரெண்டு நாள் சம்பளம்."

"போதுமா அது?"

"அப்ப போதும்னு நெனச்சேன்," என்று சொல்லிவிட்டு ஜூட் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனான்.

ஜொய்சி வேலை தொடங்கிய பத்தொன்பதாம் நாள் மாவுக்கட்டைக் காட்ட இரண்டு பேரும் இரத்தினபுரிக்குப் போனார்கள். கலவானையிலிருந்து வந்த பஸ்ஸில் இடமில்லை. கொண்டக்டர் ஜூட்டின் கையைப் பார்த்துவிட்டு, முன் சீட்டில் இருந்த பொடியனைச் சிங்களத்தில் அதட்டி எழுப்பி இடம் பிடித்துக் கொடுத்தான். களு கங்கை கரை தொட்டு, சேற்று நிறத்தில் ஓடியது. ஆஸ்பத்திரி வரிசையில் ஜூட்டை உட்கார வைத்துவிட்டு, ஜொய்சி நீதிமன்றம் இருக்கும் கோட்டடிப் பக்கம் போனாள்.

அங்கே ஒரு மாடிப்படிக்குக் கீழே ஹிமாயாவின் கடை. அச்சகத்தில் ஜொய்சிக்கு வேலை பழக்கியவள் ஹிமாயா. இப்போது காணி உறுதிப் பத்திரங்களும் கெம்பஸ் பிள்ளைகளின் ஆய்வுகளும் அடித்துக் கொடுக்கிறாள். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சிரித்தாள்.

"வாங்க, வாங்க. மழையில நனைஞ்சிட்டீங்களே. டீ சொல்லட்டா?"

"வேணாங்க்கா, ஆஸ்பத்திரியில அவரு இருக்காரு. ஒரு சந்தேகம் கேக்க வந்தேன். சிங்களமும் தமிழும் எதிர் எதிர்ப் பக்கத்துல. வரி இடிக்குது. என்ன செஞ்சாலும் பந்தி ஒரே மட்டத்துல தொடங்குதில்ல."

ஹிமாயாவின் விரல்கள் நின்றன. "கதைப் புத்தகமா? பதினாறு?"

"ஆமாக்கா. ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"டெம்ப்ளேட் மட்டும் கேட்டாங்களா?"

"ஆமா."

"எவ்வளவு சொன்னீங்க?"

ஜொய்சிக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தது. சொன்னாள்.

ஹிமாயா கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு, பாதியில் நின்ற உறுதிப் பத்திரத்தின் அந்த வசனத்தை அடித்து முடித்தாள். பிறகுதான் திரும்பினாள்.

"என்கிட்டத்தான் மொதல்ல கேட்டாங்க. நான் அறுபத்தெட்டாயிரம் சொன்னேன். கூடிப்போச்சுன்னு போய்ட்டாங்க."

மாடிப்படியில் யாரோ சப்பாத்துக் காலோடு ஏறிப் போனார்கள். ஜொய்சி கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா தெரியாது."

"தெரியாதுன்னு எனக்குத் தெரியும்."

"கோவமா?"

"கோவம் இல்லாம எப்படி? இந்த மாசம் கட வாடகைக்கு அத நம்பித்தான் இருந்தேன்." சொன்ன விதத்தில் சூடு இல்லை, சொல்லாமல் விடவும் இல்லை. "இப்ப எத்தனை நாள் ஆச்சு ஒங்களுக்கு?"

"பத்தொம்பது. இன்னும் ஒரு கிழமை போகும்."

"அதத்தான் நான் எண்ணினேன். இருபத்து நாலு நாள். நாளுக்கு ரெண்டாயிரத்து ஐநூறு. அச்செடுத்துப் பாக்குற செலவு, அவங்க மாத்தச் சொல்ற செலவு எட்டாயிரம். ஒரு சதம் கூட்டல்ல. பக்கக் கணக்குல செஞ்சிருந்தா அவங்களுக்கு எழுபதாயிரம் கிட்டப் போயிருக்கும். நீங்க கட்டிக் குடுத்தா அந்தச் சல்லி அவங்களுக்கு மிச்சம். அடுத்த வருஷம் இன்னும் பதினாறு போட்டா அதுவும் மிச்சம். அப்ப வேலை நம்மகிட்ட வராது, ஜொய்சி. அதுக்கும் சேத்துத்தான் விலை."

ஹிமாயா ஒரு துண்டுக் கடதாசியை இழுத்தாள். கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டு எழுதாமலே இருந்தாள். பிறகு எழுதிக்கொண்டே சொன்னாள்.

"சிங்களத்துக்கு வரிக்கு நடுவுல எவ்வளவு இடம் வேணுமோ அதையே தமிழுக்கும் வைங்க. தமிழ் எழுத்த அரைப் புள்ளி பெரிசாக்குங்க, அகலமாத் தெரியாது. பந்திக்குள்ள இழுத்துச் சரிக்கட்டப் பாக்காதீங்க. எந்தப் பக்கம் சின்னதோ அந்தப் பந்திக்குப் பின்னால வெறும் இடம் விடுங்க. வெறும் இடம் பிள்ளைங்களுக்கு நல்லது."

ஜொய்சி கடதாசியை வாங்கினாள். மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"போங்க, அவரு காத்துட்டு இருப்பாரு," என்றாள் ஹிமாயா.

பஸ்ஸில் ஜூட்டிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கடைசிவரை கேட்டுவிட்டு, "இப்ப கூடக் கேக்க ஏலாதா?" என்றான்.

"சொன்ன விலை சொன்னதுதான். வாக்குக் குடுத்துட்டேன்."

"அப்ப முடிச்சுக் குடு."

ஹிமாயா எழுதிக் கொடுத்தபடியே செய்தாள். மூன்றாம் நாள் நரி இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கிணற்றுக்குள் விழுந்தது. ஜொய்சி தனியாக இருந்து சத்தம்போட்டுச் சிரித்தாள். அனுப்பத் தயாரான நேரத்தில் விதுர்ஷன் பேசினான். புத்தகக் கடைசியில் அருஞ்சொல் விளக்கம் வேண்டுமாம், இரண்டு மொழியிலும், மூன்று நிரலாக.

முன்பென்றால் "சரி தம்பி" என்றிருப்பாள். இந்தத் தடவை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நம்ம பேசினப்ப அது இல்ல தம்பி. செஞ்சு தாறேன். ரெண்டு நாள் வேல. நாலாயிரம் கூட வரும்."

அந்தப் பக்கம் ஒரு நொடி சத்தமில்லை. அந்த ஒரு நொடி அவளுக்குப் பிடித்திருந்தது.

"கேட்டுட்டுச் சொல்றேன்க்கா," என்றான். பின்னேரம் சரியென்று செய்தி வந்தது.

மொத்தம் இருபத்தேழு நாள் ஆகியிருந்தது. பதினைந்தாயிரத்தோடு அந்த நாலாயிரத்தையும் சேர்த்துப் பார்த்தால்கூட, நாள் கணக்கில் ஜூட்டின் ஒரு நாள் பேருக்கு நெருங்கிவரவில்லை. ஆனாலும் பணம் நேரத்துக்கு வந்தது. அரிசியும் பருப்பும் வந்தன, கடைக் கணக்கு அடைந்தது, கூரைக்கு இரண்டு தகரம் வந்தது.

மாவுக்கட்டை வெட்டி எடுத்தபோது ஜூட்டின் கை வெளிறி, மெலிந்து, வேறொருவன் கையைப் போல இருந்தது. வேலைக்குப் போனான். நூற்றைம்பது மரத்துக்கு மேல் கை இழுக்கவில்லை. அரைப் பேர்தான் போட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் விதுர்ஷன் மறுபடி பேசினான்.

"அக்கா, மொத வரிசை நல்லா வந்திருக்கு. இப்ப விஞ்ஞானப் புத்தகம் பன்னிரண்டு. மூணு மொழி, நிறையப் படம். இதுக்கும் டெம்ப்ளேட் வேணும். ஹிமாயா மிஸ்கிட்டயும் கேட்டோம். அவங்க எழுபத்தஞ்சாயிரம் சொல்றாங்க. நீங்க எவ்வளவுக்கு முடிப்பீங்க?"

"நாளைக்குச் சொல்றேன் தம்பி."

அந்தோனியம்மா குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஸ்டோரிலிருந்து வந்தவளின் கையில் அசிட் வாடை இன்னும் போகவில்லை.

"இருபத்தஞ்சு சொல்லு. ஒடனே குடுப்பாங்க."

"அது ஒரு மாச வேல மாமி."

"இருக்கட்டுமே. போன தடவ பதினஞ்சுக்கு ஒரு மாசம் செஞ்சியே. இது பத்தாயிரம் கூடத்தானே?"

"அந்த அக்காகிட்ட எழுபத்தஞ்சுன்னு கேட்டுட்டு எங்கிட்ட வாறாங்க. நான் இருபத்தஞ்சு சொன்னா, அடுத்த தடவ எங்கிட்ட கேட்டுட்டு வேற யார்கிட்டயாவது பத்துக்குப் போவாங்க."

"அடுத்த தடவய அடுத்த தடவ பாப்போம். இவன் கையப் பாரு. அரப் பேருல என்னத்தத் திங்கிறது?"

ஜூட் வாசற்படியில் உட்கார்ந்து ரப்பர் பந்து ஒன்றை அமத்திக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியில் சொன்ன பயிற்சி. அமத்தும்போது அவன் தாடை இறுகியது.

"நீங்க சொல்லுங்க," என்றாள் ஜொய்சி.

"எனக்கு அந்த வேல தெரியாது. தெரிஞ்சவ நீ. எத்தன நாள் போகும்னு எண்ணிப் பாரு. எண்ணி வர்றதச் சொல்லு." அவன் பந்தை அடுத்த கைக்கு மாற்றினான். "அம்மா சொல்றதும் பொய் இல்ல."

மறுநாள் காலை வெயில் வந்தது. லயத்து முன்னால் எல்லோரும் பாயையும் தலையணையையும் காயப்போட்டார்கள். ஜொய்சி மேசையில் ஒரு கொப்பியை விரித்துக்கொண்டு எண்ணினாள். மூன்று மொழிக்கும் வரி மட்டம் பிடிக்க ஒன்பது நாள். படத்துக்கு எழுத்து விலக ஐந்து. அட்டவணை, பயிற்சி, அருஞ்சொல் எட்டு. பரீட்சித்துத் திருத்த ஆறு. இருபத்தெட்டு நாள். நாளுக்கு இரண்டாயிரத்து ஐநூறு, எழுபதாயிரம். அச்சுக்கும் மாற்றத்துக்கும் எட்டாயிரம். எழுபத்தெட்டு.

ஹிமாயாவைவிட மூவாயிரம் கூட. திரும்பவும் எண்ணினாள். ஏதாவது ஒரு நாளைக் குறைக்க முடியுமா என்று பார்த்தாள். ஒருமுறை செய்து பார்த்த கை. எந்த நாளும் குறையாது என்று தெரிந்தது. ஹிமாயாவுக்கு ஃபோன் எடுக்கலாமா என்று யோசித்தாள். எடுக்கவில்லை. எடுத்துப் பேசிவிட்டுச் சொன்னால் அது இரண்டு பேரும் கூடிப் போட்ட விலையாகிவிடும்.

விதுர்ஷனுக்கு ஃபோன் எடுத்தாள்.

"எழுபத்தெட்டாயிரம் தம்பி."

அவன் சிரித்துவிட்டான். "அக்கா, அது ஹிமாயா மிஸ்ஸவிடக் கூட."

"ஆமா தம்பி. நான் ஏற்கனவே ஒண்ணு செஞ்சிருக்கேன், அதுல எங்கெங்க நாள் போகும்னு எனக்குத் தெரியும். போன தடவ தெரியாம சொல்லிட்டேன்."

"கொஞ்சம் குறைக்க ஏலாதா?"

"பாத்தேன். ஏலாது."

"சரிக்கா. நாங்க பேசிட்டுச் சொல்றோம்."

சொல்லவில்லை. ஒரு கிழமை கழித்து, வேலை ஹிமாயாவுக்குக் கொடுத்தாயிற்று என்று மரியாதையாக ஒரு செய்தி மட்டும் வந்தது. ஜொய்சி அதை இரண்டு தடவை படித்துவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். தான் செய்தது சரி என்றுதான் தோன்றியது. ஆனாலும் கடைக்குப் போய்க் கருவாட்டைக் கேட்டு, விலையைக் கேட்டு, திருப்பி வைத்துவிட்டு வந்த அன்று அந்தச் செய்தியை இன்னொரு தடவை எடுத்துப் படித்தாள்.

அந்தோனியம்மா திட்டவில்லை. பேச்சைக் குறைத்தாள். இரண்டு நாள் மருமகளின் பிளேன்டீயை மேசையில் வைக்காமல் குசினிப் பலகையிலேயே மூடி வைத்துவிட்டுப் போனாள். ஜூட் நூற்றெண்பது மரம் வெட்டினான். இருநூறு வெட்டினான். ஜொய்சி பெல்மதுளைக் கடையொன்றுக்குக் கல்யாணக் கார்ட் அடித்துக் கொடுத்தாள். பக்கத்துக்குத் தொண்ணூறு இல்லை, இப்போது நூற்றுப்பத்து. கேட்டவன் முணுமுணுத்துவிட்டுக் கொடுத்தான்.

அடுத்த கிழமை ஒரு பின்னேரம், மூன்று பேரும் அவித்த ஈரப்பலாக்காயும் தேங்காய்ப்பூவும் தின்றுகொண்டிருந்தபோது ஹிமாயா ஃபோன் எடுத்தாள். கையில் பலாக்காய் ஒட்டியிருந்ததால் ஜொய்சி சத்தத்தைப் பெரிதாக்கி ஃபோனை நிலத்தில் வைத்தாள்.

"ஜொய்சி, ஒரு விஷயம் கேக்கணும். நீங்க எழுபத்தெட்டா சொன்னீங்க?"

"ஆமாக்கா."

"அந்தப் பொடியன்தான் சொன்னான். மொதல்ல நாப்பதுக்கு முடிங்கன்னு ரெண்டு நாளா என்னப் புடுங்கி எடுத்தான். நானும் வாடகைய நெனச்சு அம்பதுக்கு இறங்கிருவோமான்னு இருந்தேன். பொறகு ஒங்க விலையச் சொன்னான். அதுக்குப் பின்னால குறைக்கச் சொல்லி ஒரு வார்த்த பேசல்ல. எழுபத்தஞ்சும் அப்படியே குடுத்தாங்க."

அந்தோனியம்மா தின்பதை நிறுத்திவிட்டு ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்காகவா சொன்னீங்க?" என்று கேட்டாள் ஹிமாயா.

"இல்லக்கா. எண்ணினேன். அவ்வளவுதான் வந்திச்சு."

ஃபோனில் சிரிப்புச் சத்தம் கேட்டது. "சரியாத்தான் எண்ணி இருக்கீங்க. நான்தான் பிழை. மூணு மொழியும் தனியா எனக்குத் திகதிக்குள்ள முடியாது. தமிழ்ப் பக்கத்த நீங்க எடுத்துக்குறீங்களா? கிழமைக்கு ஒரு நாள் இங்க வந்தா போதும், மத்தது வீட்டுல இருந்து செய்யலாம். விலைய நீங்களே சொல்லுங்க."

எடுத்துக்கொள் என்று ஜூட் தலையை ஆட்டினான். ஜொய்சி ஒட்டிய கையைத் தட்டின் ஓரத்தில் துடைத்துக்கொண்டாள்.

"எண்ணிப் பாத்துட்டு நாளைக்குச் சொல்றேன்க்கா."

"சொல்லுங்க, சொல்லுங்க."

ஃபோன் அணைந்தது. வெளியே மறுபடி தூறத் தொடங்கியிருந்தது. அந்தோனியம்மா எழுந்து போய், கேத்தலில் இருந்த பிளேன்டீயை ஒரு கோப்பையில் ஊற்றி, கடிக்கச் சீனியை மற்றக் கையில் தட்டிக்கொண்டு வந்து மருமகள் முன்னால் வைத்தாள்.

"பஸ் காசையும் சேத்து எண்ணு," என்றாள். "ஒரு நாள் போய்வரச் சும்மாவா குடுக்குறாங்க?"